பகாசூரனுக்கு முறை வண்டி

வா கண்ணு, இப்படி உக்காரு. கண்ணாடி முன்னாடி நின்னு மூணு விரலை உதட்டுல வெச்சு மேலே தூக்கினியே, அந்த வேலை முடிஞ்சுதா? பால் வாங்கியாரச் சொல்லி உங்க ஆயா நாலு தடவை கூப்பிட்டா. புரட்சி பண்றவங்களுக்குக் காது மந்தமா இருக்கும், விடுன்னு நான்தான் சமாதானம் சொன்னேன்.

பத்தாவது பரிட்சை முடிஞ்ச பதினஞ்சே நாள்ல மூணு புஸ்தகத்தை முடிச்சிட்டே. ‘ஹங்கர் கேம்ஸ்’, ‘கேட்சிங் ஃபயர்’, ‘மாக்கிங்ஜே’. சூசன் காலின்ஸ்ன்னு ஒரு அமெரிக்க அம்மா 2008ல இருந்து 2010 வரைக்கும் வருஷத்துக்கு ஒண்ணா எழுதினது. நீ இட்லியைப் பிட்டுக்கிட்டே சொல்லச் சொல்ல எனக்கே பாதி மனப்பாடம். உன் தீர்ப்பும் மனப்பாடம். மொதல் புஸ்தகம் சூப்பர், மூணாவது வேஸ்ட். பன்னெண்டு மாவட்டத்து ஜனமும் சூடு சொரணை இல்லாத ஜனம், 74 வருஷமா தலைநகரத்துக்காரங்க வேடிக்கை பாக்கப் பிள்ளைங்களைச் சண்டைக்கு அனுப்பிட்டு வாயை மூடிட்டு இருந்தது. நான் இருந்திருந்தா மொத நாளே எதிர்த்திருப்பேன். கடைசியா ஒண்ணு சொன்னே பாரு, ‘தமிழ்ல இந்த மாதிரியெல்லாம் யாரு தாத்தா எழுதுறாங்க?’

சுஜாதா எழுதினாருடி. எண்பதுகள்ல ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடன்ல தொடரா வந்துது. ரெண்டாவது ஷிஃப்ட் போறதுக்கு முன்னாடி டீக்கடையில அந்த விகடனுக்கு எங்களுக்குள்ள அடிதடி. பாதிப் பக்கத்துல பஜ்ஜி எண்ணெய் இருக்கும். 2021, 2022 வாக்குல நடக்கிற கதை. நாட்டை ஜீவான்னு ஒருத்தர் ஆள்றாரு. பிள்ளை பெத்துக்கணும்னா சர்க்கார் அனுமதி வேணும். பேரு ரெண்டெழுத்துக்கு மேல கூடாது. நிலா, சிபி, ரவி, மனோ, ஏன், ஜீனோங்கிற இயந்திர நாய்க்குக்கூட ரெண்டுதான். ‘மீண்டும் ஜீனோ’ன்னு அதுக்கு ரெண்டாம் பாகமும் வந்துது. எழுதின மனுஷன் பெங்களூர்ல பாரத் எலெக்ட்ரானிக்ஸ்ல ஓட்டு மெஷின் உருவாக்கின வேலையில இருந்தவரு. ஒரு கையால ஓட்டு மெஷின், இன்னொரு கையால சர்வாதிகாரி கதை. நான் ஒண்ணும் சொல்லலம்மா. அந்த 2021 நெசமாவே வந்தப்போ, நாம கொரோனாவுக்கு வாயைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள உக்காந்திருந்தோம், ஊருக்குப் போக இ-பதிவு கேட்டுக்கிட்டு.

சுஜாதாவும் பழசு இல்லை. அதுக்கு முன்னாடியே எங்க ஊர்ல இந்தக் கதையை வண்டி கட்டி ஓட்டியிருக்கோம். வந்தவாசிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ல அக்னி வசந்த விழான்னா பகல்ல பாரதம் படிப்பாங்க, ராத்திரி கூத்து. பகாசூரன் அன்னிக்கு மட்டும் பட்டப்பகல்லயே பீமன் வேஷக்காரர் மாட்டு வண்டியில சோத்தோட ஏறித் தெருத்தெருவா வருவாரு. நாங்க பின்னாடியே ஓடுவோம். சோறு எங்க இருக்குதோ அங்க சின்னப் பசங்க இருப்பாங்க.

ஏகசக்கரம்னு ஒரு ஊரு. ராஜா ஒருத்தன் இருந்தான், இருந்தும் புண்ணியமில்லை. பக்கத்துல பகாசூரன். அவனுக்கு ஊர்க்காரங்க ஒரு முறை வெச்சிருந்தாங்க. ஒரு வண்டிச் சோறு, ரெண்டு எருமை, ஓட்டிட்டுப் போற ஆளு. மூணையும் அவன் தின்பான். வீட்டுக்கு ஒருத்தர், முறை போட்டு. இங்கதான் காதை நல்லாத் தீட்டிக்கோ. ஒரு வீட்டுக்கு முறை திரும்பி வரப் பல வருஷம் ஆகும். அத்தனை வருஷமும் அந்த வீட்டுல கல்யாணம் நடக்கும், வளைகாப்பு நடக்கும், மாங்காய் ஊறுகாய் போடுவாங்க. இன்னிக்கு எதிர்த்த வீட்டு வண்டி போவுதா, ‘ஐயோ பாவம்’னு திண்ணையில நின்னு சொல்லிட்டு உள்ளே போய்ச் சாப்பிடுவாங்க. அசுரன் பல்லைக் காட்டி எத்தினி நாளைக்கு ஒரு ஊரைப் பயமுறுத்த முடியும்? முறைச் சீட்டு இருந்தா போதும், ஊரே தன்னால அடங்கிக் கிடக்கும்.

உன் புஸ்தகத்துல சீட்டுக் குலுக்குறானே, அதே முறைதான், கொஞ்சம் கணக்குப் படிச்சவன் போட்ட முறை. பன்னெண்டு வயசுல பேரு ஒரு சீட்டு, பதினெட்டுல ஏழு. பசியா இருக்குதா? கூட ஒரு சீட்டு போட்டுக்கோ, ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்குத் தானியமும் எண்ணெயும் தர்றேன்கிறான். கதாநாயகி காட்னிஸ் தனக்கு, அம்மாவுக்கு, தங்கச்சிக்குன்னு வருஷா வருஷம் வாங்கி, பதினாறு வயசுல அவ பேருல 20 சீட்டு. அவ சிநேகிதன் கேல் பையனுக்கு 42. இந்தக் கணக்கை நீ தாண்டிப் போயிட்டே, அவன் அழகா இருக்கானா, அவகூட ஆட்டத்துக்குப் போன பீட்டா அழகா இருக்கானான்னு பாக்குற அவசரத்துல.

தானியமும் எண்ணெயும்! ரேஷன் கடையில நாம வாங்குறது இன்னா? அரிசியும் பாமாயிலும். நம்ம சர்க்கார் கைரேகை மட்டும்தான் கேக்குது, புண்ணியவான்கள். அந்தக் க்யூவுல நீ ஒரு நாள் நின்னதில்லை. நின்னவனுக்குத் தெரியும், மூட்டை தீர்ந்துடுமோன்னு எட்டிப் பாக்குறவன் கண்ணுக்கு முன்னாடி நிக்கிறவன் முதுகுதான் தெரியும், அதைத் தாண்டி சர்க்காரும் தெரியாது சாமியும் தெரியாது. அந்த ஜனத்தைச் சொரணை கெட்டதுன்னு சொல்ல உனக்கு அரிசி விலை கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும், கண்ணு.

நீ மொத நாளே எதிர்த்திருப்பியாக்கும்! முறை வந்த வீட்டுல நான் போறேன், நீ போறேன்னு எல்லாரும் அழுதுட்டு இருக்கிறப்போ ஒரு பொடிப்பையன் புல்லுத் துரும்பைத் தூக்கிக்கிட்டு, ‘இதாலயே அவனைக் கொன்னுடுவேன்’ன்னு மழலையில சொல்லுவான். அத்தனை அழுகையிலயும் எல்லாருக்கும் சிரிப்பு வந்துடும். பாரதத்துல எனக்குப் பிடிச்ச ஆளு அவன்தான். கண்ணாடி முன்னாடி உன்னைப் பாத்தப்போ அவன் ஞாபகம்தான் வந்துது. 2014ல தாய்லாந்துல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சப்போ அங்க காலேஜ் பசங்க நெசமாவே பிரதம மந்திரி முன்னாடி நின்னு உன் புஸ்தகத்துல வர்ற அந்த மூணு விரலைத் தூக்கினாங்க, போலீஸ் பிடிச்சிட்டுப் போச்சு. அவங்களை நான் கிண்டல் பண்ண மாட்டேன். நீ இன்னும் துரும்பு கட்சி.

அந்த அம்மாவுக்குக் கதை எப்படிக் கிடைச்சுதாம் தெரியுமா? ராத்திரி டிவியில சேனல் மாத்திக்கிட்டே இருந்தாங்களாம். ஒண்ணுல பசங்க போட்டி போடுற நிகழ்ச்சி, இன்னொண்ணுல ஈராக் சண்டை. தூக்கக் கலக்கத்துல ரெண்டும் ஒண்ணாக் கலந்து போச்சாம். நமக்கு அவ்வளவு தூரம் போவாணாம். பூந்தமல்லி தாண்டிச் செம்பரம்பாக்கத்துல இவிபி ஃபிலிம் சிட்டியில பிக் பாஸ் வீடு போட்டாங்க, 2017ல கமல் வந்து ஆரம்பிச்சு வெச்சாரு. உங்க ஆயா அன்னியிலிருந்து தலைநகரத்துக் குடிமகள். எவளைக் காப்பாத்தணும்னு உன் போன்ல ஓட்டுப் போடச் சொல்லுவா, நீயும் போடுவே. நான் பாக்குறதில்லை. பக்கத்துல சும்மா உக்காந்திருப்பேன், கண்ணு தானாப் போவுது.

இப்போ மூணாவது புஸ்தகத்துக்கு வரேன், வேஸ்ட்டுன்னியே. தங்கச்சி செத்துட்டா, காட்னிஸ் ஜெயிச்சும் சிரிக்கலை, அதான் உனக்கு ஆவலை. ஒரு இடம் சொன்னே பாரு, நான் இட்லியைக் கீழே வெச்சுட்டேன். சண்டை முடிஞ்சு ஜெயிச்ச பக்கத்துத் தலைவி காயின் இன்னா சொல்றா? கடைசியா ஒரே ஒரு ஆட்டம் வெப்போம், இந்தத் தடவை தலைநகரத்துப் பிள்ளைங்களை வெச்சு. அசுரன் தோத்துட்டான், முறைச் சீட்டு தோக்கலை! வீட்டு வரிசை மட்டும் மாறுது. காட்னிஸ் பழைய தலைவன் ஸ்னோவுக்கு வெச்ச அம்பைத் திருப்பிக் காயின் மேல விட்டா. அதை ‘கன்ஃப்யூஸிங்’னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டே, படுபாவி.

எங்க பகாசூரன் எதிர்ல நிப்பான், பீமனுக்கு வேலை சுலபம். ஸ்னோ தூரத்துல மாளிகையில இருக்கான், அம்பு போவக் கொஞ்சம் நாளாவுது. சுஜாதா கதையில நிலா உள்ளே போய்ப் பாத்தா ஜீவான்னு ஆளே கெடையாது, வெறும் ஒளி பிம்பம். அடிக்க முதுகே இல்லை. எது பயங்கரம்னு நீ படிச்சுட்டு வந்து சொல்லு. ‘என் இனிய இயந்திரா’ பரண்ல டிரங்குப் பெட்டியில இருக்குது, பைண்டிங் பிரிஞ்சிருக்கும், பாத்து எடு.

அதுக்கு முன்னாடி, ஸ்மார்ட் கார்டு டிவி மேல இருக்குது. பாமாயில் வந்துடுச்சாம். இன்னிக்கு முறை உன்னுது.