மேல் பிளக்கா, கீழ் பிளக்கா: பழைய ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் பற்றிய ஆராய்ச்சி

பழைய ஜீப்பின் அடிவயிற்றில், கியர்பாக்ஸின் முதுகை ஒட்டி டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற வார்ப்பிரும்புப் பெட்டி இருக்கும். எஞ்சின் தரும் சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பங்கிடுவது அதன் வேலை. 1941இல் வந்த வில்லிஸ் எம்பி ஜீப்பில் இருந்தது ஸ்பைசர் 18 என்ற வகை. வில்லிஸிடம் உரிமம் வாங்கி மகிந்திரா இங்கே கட்டிய ஜீப்புகளும் அந்த மரபில் வந்தவையே. எம்பியின் இந்தப் பெட்டிக்குச் சுமார் 1.4 லிட்டர் கியர் ஆயில் வேண்டும். கியர்பாக்ஸுக்கு அதில் பாதி.

இங்கேதான் தத்துவச் சிக்கல். இரண்டுக்கும் தனித்தனி பிளக் இருப்பதால் இவை இரண்டே என்பர் துவைதிகள். நடுவிலுள்ள சீல் தேய்ந்ததும் ஆயில் ஒன்றிலிருந்து மற்றதற்குக் குடிபெயர்வதால் இரண்டும் ஒன்றே என்பர் அத்வைதிகள். தரையில் சொட்டுக் கறையும் காணாமல், "வண்டி ஆயிலக் குடிக்குதுண்ணே" என்று மெக்கானிக்கிடம் முறையிடுபவர் துவைதி. மெக்கானிக் மறுபேச்சின்றி அடுத்த பெட்டியைத் திறக்கிறார்; அங்கிருந்து வழிகிறது.

அத்வைதமே சித்தாந்தம் என்பதால் இரண்டிலும் ஒரே ஆயில்தான் ஊற்ற வேண்டும். அது ஜிஎல்-4. ஜிஎல்-5இல் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மானம் கியர்பாக்ஸின் பித்தளை வளையங்களுக்கு ஆகாது. டப்பாவில் நம்பர் கூடினால் சரக்கும் ஒசத்தி என்று நம்புவோரோடு வாதிட்டுப் பயனில்லை.

அடுத்து, ஆயில் மாற்றும்போது ஊற்றும் மேல் பிளக், வடிக்கும் கீழ் பிளக் இரண்டில் எதை முதலில் கழற்றுவது? கீழ்ப்பிளக் வாதிகள் பழைய ஆயிலை முழுக்க வடித்துவிட்டு மேலே கை வைக்கிறார்கள். துருவேறிய மேல் பிளக் அசைய மறுக்கிறது. ஸ்பேனர் வழுக்கி அதன் தலையும் மழுங்குகிறது. இனி ஊற்ற வழியில்லை, ஓட்டவும் வழியில்லை. மேல்பிளக் வாதிகளுக்கு இந்தக் கதி இல்லை. அது அசையாவிட்டால் பழைய ஆயிலோடு வீடு திரும்பலாம்.

வடித்ததை இரு விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும். மோர் நிறமென்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடையில் இறங்கும் வண்டிகளுக்கு இது வாடிக்கை. மினுமினுத்தால் பல்லோ பேரிங்கோ தேய்கிறது.

புது ஆயிலை மேல் துளையில் வழியும்வரை ஊற்றினால் மட்டம் சரி. வண்டி சமதரையில் நிற்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். மலையூரில் சமதரை என்றால் பெரும்பாலும் ரேஷன் கடை வாசல்தான். அங்கே வண்டிக்கு அடியில் படுத்தால், வரிசையில் நிற்பவர்களிடமிருந்து ஆளுக்கொரு பாடபேதம் இலவசமாகக் கிடைக்கும்.