ஜெனரல் ஐயாவின் ஜனநாயக சேவை

அமெரிக்க இளைஞர்களுக்கு ஜனநாயகத்தின் மேல் நம்பிக்கை குறைந்துகொண்டே போகிறதாம். நாடு இரண்டு கட்சியாகப் பிளந்து, அண்ணன் தம்பிகூட முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். கருத்துக்கணிப்பு எடுத்தே மாய்ந்துபோகிறார்கள். பேசாமல் மியான்மருக்கு ஓர் ஆளை அனுப்பி, ஜெனரல் மின் ஆங் ஹ்லைங் ஐயாவிடம் யோசனை கேட்டிருக்கலாம்.

2020 நவம்பர் 3இல் அமெரிக்காவில் தேர்தல். 8ஆம் தேதி மியான்மரில். இரண்டு இடத்திலும் மோசடி என்று குரல் எழுந்தது. அமெரிக்காவில் பாவம், கோர்ட்டு கோர்ட்டாக ஏறி இறங்கினார்கள். ஜனவரி 6இல் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து கூத்தடித்தும் காரியம் ஆகவில்லை. ஐயா அப்படி ஜவ்வாக இழுப்பவர் அல்ல. 396 இடங்களில் வென்ற ஆங் சான் சூச்சி கட்சியினர் சபை கூட வந்திருந்த பிப்ரவரி 1 அன்று, பொழுது விடிவதற்குள் படையை அனுப்பி ஆட்சியைப் பிடித்துக் காரியத்தை முடித்துவிட்டார். பிளவு நோய்க்கும் அவரிடம் கைகண்ட மருந்து இருந்தது: 2023 மார்ச்சில் அந்தக் கட்சியோடு சேர்த்து 40 கட்சிகள் கலைக்கப்பட்டன. சண்டை போட எதிர்த்தரப்பு வேண்டுமல்லவா?

ஆட்சியைப் பிடித்த மறுநாள் இரவு எட்டு மணிக்கு, யாங்கோன் அடுக்குமாடி பால்கனிகளில் பிள்ளைகள் சட்டி, மூடி, கரண்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்துத் தட்டினார்கள். வீட்டைப் பிடித்த பீடையை விரட்ட அந்த ஊரில் செய்யும் வழக்கம் அது. படையினரின் தன்னடக்கத்தைச் சொல்ல வேண்டும். தங்களைத்தான் சொல்கிறார்கள் என்று விளக்கம் கேட்காமலே புரிந்துகொண்டார்கள்.

மாணவர்கள் மேல் இவர்களுக்குள்ள அக்கறை இன்று நேற்று வந்ததல்ல. 1962 ஜூலை 7இல் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைச் சுட்டார்கள். மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு அரசியல் எதற்கு? 1964இல் கடைகளை நாட்டுடைமையாக்கி நம்மவர்களை வெறுங்கையோடு கப்பலேற்றியதும் இவர்களே. அதனால்தானே சென்னைக்குப் பர்மா பஜாரும் அத்தோவும் வந்து சேர்ந்தன! செய்நன்றி மறக்கலாமா?

2008இல் இவர்கள் எழுதிய அரசியல் சட்டமோ சிக்கனத்தின் சிகரம். நாடாளுமன்றத்தில் நான்கில் ஒரு பங்கு இடம் படைக்கு. அந்த அளவுக்கு வாக்காளருக்கு வேலை மிச்சம். நர்கீஸ் புயல் லட்சம் உயிருக்கு மேல் கொண்டுபோன ஒரே வாரத்தில் வாக்கெடுப்பைத் தொடங்கி, 92 சதவீத ஆதரவைக் கணக்குக் காட்டினார்கள். பிணம் மிதந்த டெல்டாவுக்கும் யாங்கோனுக்கும் மட்டும் கருணையோடு இரண்டு வாரம் தவணை கொடுத்தார்கள்.

வாக்குச்சீட்டை நம்பிய இளைஞரையும் இவர்கள் கைவிடவில்லை. பியோ ஸெயா தோ ஹிப்ஹாப் பாடகர்; பாட்டை விட்டுத் தேர்தலில் நின்று எம்.பி. ஆனவர். 2022 ஜூலையில் அவரைத் தூக்கில் போட்டு, அந்த நம்பிக்கைக்கு உரிய மரியாதையைச் செய்தார்கள்.

மியான்மரில் 18 வயதானால் வாக்குரிமை. 2024 பிப்ரவரியில் அதே வயதுக்கு இன்னொரு உரிமையும் கிடைத்தது: கட்டாய ராணுவ சேவை. வார்டு வார்டாகக் குலுக்கல் போட்டுப் பெயர் எடுத்தார்கள். தாய்லாந்து தூதரக வாசலில் இளைஞர் வரிசை நீண்டதைப் பார்த்துவிட்டு, 'பயந்து ஓடுகிறார்கள்' என்று பொறாமைக்காரர்கள் பேசினார்கள். மே மாதத்தில் ஆண்கள் வெளிநாட்டு வேலைக்குப் போவதையே நிறுத்திவைத்தார் ஐயா. பெற்றவளுக்குக்கூட இத்தனை பாசம் வராது.

பிறகு, கேட்காமலே தேர்தலும் தந்தார். 2025 டிசம்பர் 28இல் யாங்கோனில் மின்னணு இயந்திரம் வந்தது. பழைய சீட்டில் கிறுக்கிவிட்டோ வெறுமனே மடித்தோ போடலாம்; நம் ஊரில் நோட்டாவையாவது அழுத்தலாம். இதில் அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுத்தே தீரவேண்டும். தேர்தலைக் குறை சொன்னால் சிறை, இடைஞ்சல் செய்து உயிர் போனால் மரண தண்டனை என்று முன்கூட்டியே சட்டமும் போட்டிருந்தார்கள். ஊரில் ஒருவர்கூட வாய் திறந்து குறை சொல்லாத தேர்தல் வேறு எங்கே நடந்திருக்கிறது?

அப்படியும் முதல் கட்டத்தில் 52 சதவீதம்தான் வாக்களித்தார்கள் என்று அரசே சொன்னது. மீதிப் பேர் நம்பிக்கை இழந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பலருக்கு வர வசதிப்படவில்லை. சிலர் எல்லை தாண்டித் தாய்லாந்தின் மே ஸோட்டில் இருக்கிறார்கள். சிலர் காட்டில் துப்பாக்கியோடு. யாங்கோனிலேயே இருக்கும் சிலரை, வெயிலில் வரிசையில் நிற்க வேண்டாம் என்று இன்செயின் சிறையில் அரசுச் செலவிலேயே வைத்திருக்கிறார் ஐயா.