முயலுக்குக் கூலி

முயலுக்குக் கோட்டு மாட்டி, மையிலும் வாட்டர்கலரிலும் வரைந்து விற்றால் சோறு கிடைக்குமா?
*– வாசகர், காரைக்குடி*

சோறென்ன, பண்ணையே கிடைக்கும்!

இங்கிலாந்தின் பியாட்ரிக்ஸ் பாட்டர், வளர்ப்பு முயல் பெஞ்சமினைப் பார்த்து வரைந்த வாழ்த்து அட்டைப் படங்களை 1890-இல் 6 பவுண்டுக்கு விற்றார். மாடலுக்குக் கூலி? ஒரு கோப்பை கஞ்சா விதை! மறுநாள் காலை வரைய உட்கார்ந்தால் மாடல் போதையில் அடங்கவே இல்லை என்று அம்மையாரே டைரியில் எழுதியிருக்கிறார்.

அடுத்து வந்த பீட்டர் முயல் கதையைப் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். 1901-இல் சொந்தக் காசில் 250 பிரதிகள் அச்சிட்டார். அது விற்ற வேகம் அப்படி! 1902-இல் ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் அதை வண்ணத்தில் கொண்டுவந்தது. மறு வருடமே முயல் பொம்மையின் வடிவத்துக்கும் அவர் உரிமை பதிந்துவிட்டார். 1905-இல் ஹில் டாப் பண்ணை கைக்கு வந்தது. 1943-இல் இறந்தபோது இயற்கையையும் பாரம்பரியத்தையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு விட்டுச்சென்றது 4,000 ஏக்கருக்கும் மேல்.

அமெரிக்காவில்தான் வார்ன் நிறுவனத்தார் கோட்டை விட்டார்கள். அங்கே புத்தகத்துக்குக் காப்புரிமை பதியாததால், திருட்டுப் பதிப்புகள் முயலைவிட வேகமாகக் குட்டி போட்டன. அதில் அவருக்கு ஒரு சென்ட்கூட வரவில்லை.