தங்கமீனுக்குக் குளம் வெட்டுதல்

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே செல்பவர் தாண்டிக்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் எனக் குளத்துப் பெயர்களாகவே கடந்து இரணைமடுவை அடைகிறார். இத்தனை குளங்கள் உள்ள நிலத்தில், வீட்டு விறாந்தையில் கண்ணாடியால் இன்னொரு குளம் வேண்டுமென்று ஒரு குடும்பம் தீர்மானிப்பதற்கான காரணம் எந்த வரலாற்று நூலிலும் கூறப்படவில்லை. மீன் என்றால் விராலும் கெளுத்தியும் என்றும், அவற்றுக்குரிய பாத்திரம் மண்சட்டி என்றும் அறிந்த முதியோர், ஒருபோதும் கறியாகாத மீனுக்கு இருவேளை உணவிடும் புதிய வழக்கத்தை இன்னும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை.

தங்கமீன் என்பது சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கெண்டைக் குடும்பத்து மீனொன்றிலிருந்து நிறத்துக்காகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்ட இனமாகும். அதற்கு இரைப்பை கிடையாது. உண்டது நேரே குடலுக்குச் செல்வதால் அது எந்நேரமும் பசித்த முகத்துடன் கண்ணாடியருகே வந்து நிற்கிறது. அதைக் கண்டு இரங்கிய வீட்டார் ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாமல் ஒரு சிட்டிகை உணவு இடுகின்றனர். இந்தக் கருணையின் விளைவு அமோனியா. மீனின் செவுள்களிலிருந்தும் அழுகும் உணவிலிருந்தும் வெளிப்படும் இந்தச் சேர்மம் மீனுக்கே நஞ்சாவதால்தான் வடிகட்டி தேவைப்படுகிறது.

வடிகட்டி அழுக்கை அரித்தெடுக்கும் கருவி என்பது பொதுவான நம்பிக்கையாயினும், அதன் முதன்மைப் பணி பற்றீரியாக்களுக்கு உறைவிடம் தருவதேயாகும். ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். அதுவரை மீன் விடாமல், சிறிது மீனுணவை அழுகவிட்டு, பம்பை இரவு பகலாக ஓட்டிக்கொண்டிருப்பதே முறை. ஆனால் மீனில்லாத தொட்டிக்கு மின்கட்டணம் செலுத்தும் வீட்டாரைப் பற்றி அயலவர் என்ன நினைப்பர் என்பதும், டெங்கு நுளம்பு தேடிவரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு, இதில் வளர்வது குடம்பியல்ல, கண்ணுக்குத் தெரியாத பற்றீரியா என்று எவ்வாறு விளங்கப்படுத்துவது என்பதும் மீன் வளர்ப்பு நூல்கள் கவனியாமல் விட்ட சிக்கல்களாகும்.

சிறு தொட்டிக்குப் பஞ்சு வடிகட்டி போதுமானது. காற்றுப் பம்ப் அனுப்பும் குமிழிகள் குழாயினூடாக மேலெழும்போது நீரும் பஞ்சின் வழியே இழுபட்டு மேலேறுகிறது. பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே வைக்கப்பட்டிருந்தால், மின் நின்றதும் நீர் குழாய்வழியே பின்னோக்கி இறங்கித் தரையை நனைக்கும் என்பதால் ஒருவழி வால்வு அவசியமாகிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின் வெட்டப்பட்டது போன்ற காலங்களில், கோப்பையால் நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுவது தவிர வேறு வழியில்லை. 20 பாகை வெப்பநிலையில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் அது ஏழரையாகக் குறைகிறது. வன்னியின் சித்திரை வெயிலில் குளிர்நீர் மீனொன்றை வளர்க்க விரும்புபவர் இக்கணக்கை மனத்திற்கொள்வது நன்று. சேற்றில் கிடந்தும் காற்றைச் சுவாசித்துப் பிழைக்கும் விரால் இச்சேவைகளில் ஒன்றையும் கேட்பதில்லை.

நீரைப் பொறுத்தவரை, கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவை ஏற்படுத்தும் வவுனியாக் கிணற்று வன்னீர் தங்கமீனுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். மனிதர் குடிப்பதற்காகக் காசு கொடுத்து வாங்கும் சுத்திகரித்த நீரை அதற்கு ஊற்றும் பாசம் மீனுக்கு நன்மை செய்யாது. ஏனெனில் அந்த நீரில் தாதுப்பொருள்கள் மிகவும் குறைந்திருக்கின்றன. பஞ்சைக் குளோரீன் கலந்த குழாய்நீரில் பளிச்செனக் கழுவுவது இன்னும் கொடியது; ஒரு மாதம் வளர்த்த பற்றீரியா ஒரு காலைப்பொழுதில் அழிந்துபோகும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதனை மெல்லப் பிழிந்தெடுத்தல் வேண்டும்.

செடிகள் அமோனியாவையும் நைத்திரேற்றையும் உறிஞ்சி வடிகட்டிக்குத் துணைசெய்வன. எனினும் நடுபவர் அவற்றைத் தோட்டமாகவும் தங்கமீன் மதிய உணவாகவும் கருதுவதால் கருத்து முரண்பாடு தவிர்க்க முடியாததாகிறது. குளத்திலிருந்து கொண்டுவரும் வேலம்பாசி சில நாட்களில் வெறுந்தண்டாகும். தடித்த இலைகளைக் கொண்ட ஆபிரிக்கச் செடியான அனுபியாஸ், கிழங்கு புதையாமல் கல்லில் கட்டப்படுமாயின், தப்பிப் பிழைப்பதுண்டு. இலங்கையின் ஈரவலய ஓடைகளுக்கே உரிய கிரிப்டோகோரைன் வகைகள் உலகெங்கும் மீன்தொட்டிகளில் வளர்கின்றன. இடம் மாற்றியதும் அவற்றின் இலைகள் கூழாகக் கரைந்துவிடும் என்பதையும், வேர் உயிருடன் இருந்து மீண்டும் துளிர்க்கும் என்பதையும் அறியாதோர் அவற்றைப் பிடுங்கி எறிந்துவிடுகின்றனர். மண்ணைக் கிளறுவதைத் தொழிலாகக் கொண்ட தங்கமீனுக்கு முன்னால் எந்தச் செடியையும் சாடியில் நட்டு, மேலே கற்களை அடுக்கிவைப்பதே பாதுகாப்பு.

எறியும் செடி எங்கே போகிறது என்பது நகைப்புக்குரிய விடயமன்று. 1939இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரிக்குக் கற்பித்தலின் பொருட்டுக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா என்னும் மிதக்கும் செடி, அங்கிருந்து தப்பி நாட்டின் குளங்களையும் வாய்க்கால்களையும் மூடியது. அதைத் தின்பதற்காக 1980களில் தென்னமெரிக்க வண்டினம் ஒன்றை வரவழைக்க நேர்ந்தது. ஆகவே தங்கமீன் வளர்ப்பில் சலிப்படைந்தோர் மீனை வேறொரு தொட்டிக்காரருக்குக் கொடுத்து, மிஞ்சிய செடியை வெயிலில் நன்கு காயவைத்து எரித்துவிட வேண்டும். எக்காரணம் கொண்டும் இரண்டையும் இரணைமடுக் குளத்திலோ முத்தையன்கட்டுக் குளத்திலோ விட்டுவிட வேண்டாம்.