முறைத்துப் பார்க்க நேரமில்லை

எங்கள் ஒன்பதாவது திருமண நாளை, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு ஏழாவது மாடியில், பதினோரு பேரோடு விடிய விடியக் கொண்டாடினேன். அந்தப் பதினோரு பேரில் என் மனைவி இல்லை. அந்த ஒரு குறையைத் தவிர ஏற்பாடெல்லாம் பிரமாதம்.

லண்டனில் ஒரு வங்கி. அங்கே சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு சர்வரை நிறுத்தி, எங்கள் புது வெர்ஷனை ஏற்ற வேண்டும். நமக்கு அது ஞாயிறு அதிகாலை இரண்டரை. என் கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறித்தவர் குடும்ப ஜோசியர். திருமண நாளுக்கு முகூர்த்தம் குறித்தது லண்டன். ஜோசியராவது ராகுகாலம் பார்த்தார்.

பன்னிரண்டு மணிக்கு பேன்ட்ரியில் கேக். மேனேஜர் தன் வீட்டுப் படுக்கையறையிலிருந்து வீடியோ காலில் தலைகாட்டினார். பின்னால் ஏசி ஓடும் சத்தம். “நாம எல்லாரும் ஒரே ஃபேமிலி, கைஸ்” என்றார். நான் மறுக்கவே மாட்டேன். பழைய கூட்டுக் குடும்பத்தில் மருமகள் என்று ஒருத்தி இருப்பாளே, கடைசியாகப் படுத்து முதலில் எழுந்திருப்பவள், கூலி கேட்டால் குடும்ப மானத்தை வாங்கியவள் ஆகிவிடுபவள். அந்த வகையில் நாங்கள் அசல் குடும்பம்தான்.

எரிச்சல் இதில் இல்லை. என்னோடு இருந்தவர்களை எனக்கு நிஜமாகவே பிடிக்கும். டேட்டாபேஸ் பார்க்கும் அக்கா, “உன் கல்யாண நாள்னு தெரியும்டா” என்று எவர்சில்வர் டப்பாவில் புளியோதரை கொண்டுவந்திருந்தார். எட்டு மாதக் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவர். தேனிப்பக்கத்து டெஸ்டர் பையன், “நீங்க போய் அண்ணிகிட்ட பத்து நிமிஷம் பேசிட்டு வாங்கண்ணே” என்று என் சீட்டில் உட்கார்ந்து, நான் மூன்று நாளாகத் தேடிய பிழையை அந்தப் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துத் தொலைத்தான்.

மேனேஜரிடம் ‘முடியாது’ என்று சொல்ல எனக்குத் தைரியம் உண்டு. ஒரு தடவை சொல்லியும் இருக்கிறேன். ஆனால் நான் வராவிட்டால் என் வேலையும் அந்த அக்காவின் தலையில்தான் விழும். இது நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரியும். ஆளைக் கட்டிப்போட அவர்களுக்குச் சங்கிலி வேண்டாம், ஒரு டப்பா புளியோதரை போதும். எங்களுக்குள் நாங்களாக வளர்த்துக்கொண்ட பிரியத்தை எடுத்து, எங்களுக்கே ஓவர்டைம் பணத்துக்குப் பதிலாகப் பட்டுவாடா செய்கிறார்கள். இதற்கு டிடிஎஸ்கூடப் பிடிப்பதில்லை.

ஓவர்டைம் என்றதும் ஞாபகம் வருகிறது. 1947-இல் வந்த தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி. நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. எனவே எங்கள் மாடியில் எல்லோரும் ‘லீட்’. நானும் லீட். என் தலைமையின் கீழ் ஒரு லேப்டாப்பும் அதன் சார்ஜரும் பணியாற்றுகின்றன. இரட்டிப்புக் கூலிக்குப் பதில் ஒரு பீட்சா கூப்பனும், ‘காம்ப் ஆஃப்’ என்ற பெயரில் ஒரு விடுப்பும் உண்டு. அந்த விடுப்பை எடுக்க வேண்டிய வாரத்தில் அடுத்த ரிலீஸ் வரும். பிறகு அது காலாவதியாகிவிடும்.

2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிச் சரியாக நூறு ஆண்டு ஆகும் வேளையில் அப்படியொரு நூற்றாண்டுப் பரிசு! எதிர்ப்பு கிளம்பியது, மே 1 அன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நல்லது. எங்கள் மாடியில் மட்டும் அதை யாரும் திரும்பப் பெறவில்லை. மசோதாவே இல்லாமல் அமலில் இருப்பதை எங்கிருந்து திரும்பப் பெறுவது?

2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் பேசிய வீடியோ ஒன்று வெளியானது. வாரம் 90 மணி நேரம் உழைக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையும் உங்களை வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தினார். வீட்டில் உட்கார்ந்து மனைவியை எவ்வளவு நேரம்தான் முறைத்துப் பார்ப்பீர்கள் என்று கேட்டார். 2023-24இல் அவர் சம்பளம் சுமார் 51 கோடி ரூபாய். அந்த நிறுவன ஊழியர்களின் இடைநிலைச் சம்பளத்தைப் போல 534 மடங்கு என்று செய்தி வந்தது. நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஊழியருக்கு வாரம் 48 மணி நேரம் என்றால், 534 மடங்கு வாங்குகிறவர் 25,632 மணி நேரம் உழைத்தாக வேண்டும். வாரத்தில் மொத்தமே 168 மணி நேரம்தான். மிச்சத்தை யார் உழைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் மேனேஜர் அந்த வீடியோவை குரூப்பில் போட்டு, “யோசிக்க வேண்டிய பாயின்ட்” என்றார்.

யோசித்தவர்களும் இருக்கிறார்கள். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததால் 2016-இல் மட்டும் 7,45,000 பேர் பக்கவாதத்திலும் இதய நோயிலும் செத்திருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் கணக்கிட்டன. எங்கள் ஹெச்ஆருக்கும் இதயத்தின் மேல் அக்கறை உண்டு. மாதம் ஒரு மூச்சுப் பயிற்சி வகுப்பு வைக்கிறார்கள், இரவு எட்டு மணிக்கு.

ஆறே முக்காலுக்கு கேப் வீட்டு வாசலில் இறக்கிவிட்டது. ஓட்டி வந்த தம்பிக்கு அன்றைக்கு அது ஆறாவது டிரிப். மனைவி கதவைத் திறந்தாள்.

“கேக் வெட்டினீங்களா?”

“வெட்டினோம்.”

“யார் ஊட்டிவிட்டா?”

“டெஸ்டர் பையன்.”

முறைத்தாள். நானும் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் முடியும் என்று எல் அண்ட் டி தலைவர் கேட்டாரே, அதற்காகக் கடிகாரத்தையும் பார்த்தேன். என்னால் நான்கு நிமிஷம்தான் முடிந்தது. சோபாவில் அப்படியே கண் சொருகிவிட்டது. அவள் எவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டிருந்தாள் என்று தெரியாது.