டிரெண்டிங் பழவேற்காடு

பழவேற்காடு படகுத்துறையில் பூநாரைக்கு முதுகைக் காட்டி ஒருவர் ரீல்ஸ் போட்டால் அது 'டிரெண்ட்'. மறுநாள் நண்டுக் குழம்பு 'டிரெண்ட்'. ஞாயிறு கழிந்தால் இரண்டும் அவுட். ஆண்டுக்கணக்கில் ஒரே பக்கமாகப் போவதுதான் டிரெண்ட். வாரக்கடைசியில் முளைத்துத் திங்களன்று வாடுவது வெறும் கிரேஸ். அந்தக் கணக்கில் இங்கே அசல் டிரெண்ட், முகத்துவாரம் மண்ணடித்துத் தூர்ந்துபோவதுதான். படகைத் தள்ளி இடுப்பொடிந்தவர்களுக்குத் தெரியும். அதற்கு லைக் விழாது.

ஃபேஷனைப் பற்றி மட்டும் இந்த ஊருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டை கட்டியது நண்டுக்காக அல்ல, துணி வியாபாரத்துக்காக. இங்கிருந்து கப்பலேறிய வண்ணக் கைக்குட்டைக்கு ஆங்கிலேயர்கள் 'புலிக்காட்' என்றே பேர் வைத்தார்கள். ஸ்காட்லாந்து நெசவாளர்கள் டூப்ளிகேட் அடித்தார்கள். மெக்சிகோவில் கழுத்தில் கட்டும் துணி இன்றைக்கும் 'பாலியகாத்தே'தான்.

இந்த ஊர்ப் பையன் ஒருவனின் டிஷர்ட்டில் 'பாரிஸ்' என்று எழுதியிருக்கிறது.

"இதாண்ணே இப்ப பேட்டர்ன்."

அவன் இடுப்பில் இருந்த கட்டம் போட்ட கைலியைக் காட்டினேன்.

"இதுவா? இது சும்மா, வலைக்குப் போறப்ப கட்றதுண்ணே."