எல்4-எல்5 அண்ணாச்சி

ஊருக்கு ஒருவராவது இருப்பார். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது, முனகிக்கொண்டே பக்கத்து நாற்காலியில் பாதி உட்காருவார். "என்ன அண்ணாச்சி, உடம்புக்கு முடியலையா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சாம்பார் முடிந்து மோர் வரும்வரைக்கும் முதுகெலும்பின் எல்4, எல்5, எஸ்1தான். எஸ்1 என்றதும், நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறார் போல என்று புது ஆட்கள் நினைத்துக்கொள்வதுண்டு.

அவர் வீட்டு பீரோவில் நிலப் பத்திரத்துக்கு மேல் தட்டில் எம்.ஆர்.ஐ. ஃபிலிம் கவர் இருக்கிறது. வந்தவர்களுக்கு முதலில் காபி, பிறகு ஃபிலிம். டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "இந்தா, இதான் ஜவ்வு. விலகிட்டு பாத்துக்கிடுங்க" என்பார். பல நாள் தலைகீழாகத்தான் பிடித்திருப்பார். யாருக்குத் தெரியப்போகிறது?

தண்ணீர் கேனைத் தூக்கும்போது பிடித்த பிடிப்பு அது. தெருமுனை டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்தார், முட்டியில் தட்டினார். சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா, கால் மரத்துப்போகிறதா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "வெறும் பிடிப்புதான். படுத்தே கிடக்காம நடங்க. சில வாரத்துல சரியாயிரும்" என்றார்.

அண்ணாச்சிக்கு அவமானமாகப் போய்விட்டது. "ஒரு ஸ்கேன்கூட எழுதத் தெரியல. இவரெல்லாம் என்ன டாக்டரு?"

தெரிந்துதான் எழுதவில்லை. அபாய அறிகுறி எதுவும் இல்லாத இடுப்பு வலிக்கு முதல் ஆறு வாரம் படம் எடுக்க வேண்டாம் என்று 2012-லேயே அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் சங்கம் தன் டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டது. ஆனால் வேண்டாம் என்று நோயாளிக்குப் புரியவைக்கப் பத்து நிமிஷம் பேசவேண்டும். ஸ்கேன் எழுத அரை நிமிஷம் போதும். வாசலில் கூட்டம் நிற்கிறபோது எது நடக்கும்? அடுத்த தெரு டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்', 'டீஜெனரேஷன்', அதாவது ஜவ்வுப் புடைப்பு, தேய்மானம் என்று இருந்தது. அதுவரை மார்க்கெட்டுக்கு நடந்து போய்வந்துகொண்டிருந்தவர், அன்று சாயங்காலமே பெல்ட் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். கீழே விழுந்த பேனாவை எடுக்கக்கூட ஆள் கூப்பிடுகிறார். "முதுகு அவுகளுக்கு, வலி எனக்கு" என்கிறார் மதினி. தண்ணீர் கேன் இப்போது அவர் பொறுப்பு.

அண்ணாச்சியின் அப்பா காலத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டால், கால் முந்திப் பிறந்த ஆளைத் தேடிப் போய் முதுகில் மிதி வாங்கிவருவார்கள். வைத்தியம் பலித்ததோ இல்லையோ, மிதித்தவர் ரிப்போர்ட் எதுவும் கொடுத்தனுப்பவில்லை.

ஒருநாள் துணிந்து சொல்லிப் பார்த்தேன். வலியே இல்லாத 3,110 பேரின் முதுகுப் படங்களை ஆராய்ந்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. 50 வயதில் 80 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 60 சதவீதம் பேருக்குப் புடைப்பு. 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம் உண்டு. இது தலை நரைப்பது போலத்தான் அண்ணாச்சி என்றேன்.

"அவனுகளுக்கெல்லாம் வலி இனிமேத்தான் தம்பி வரும்" என்றார்.

விடவில்லை நான். அமெரிக்காவில் 63 வயது அம்மா ஒருவரை மூன்று வாரத்துக்குள் பத்து மையங்களுக்கு அனுப்பி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பத்து ரிப்போர்ட்டிலுமாகச் சேர்த்து 49 வகைக் கோளாறுகள். பத்திலும் ஒன்றுபோல வந்த கோளாறு ஒன்றுகூட இல்லை. 2017-இல் அச்சில் வந்த செய்தி இது.

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. "பத்து இடத்துலயா எடுத்தா? கொடுத்துவச்ச மகராசி!"

அதற்குமேல் பேச எனக்குத் தெம்பில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அடக்கமுடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இடுப்பு வலியோடு காய்ச்சலோ, காரணமில்லாத எடைக் குறைவோ, முன்பு புற்றுநோய் வந்த சரித்திரமோ, பலத்த அடியோ இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். அப்போதெல்லாம் ஸ்கேன் எடுப்பதே புத்திசாலித்தனம். மற்றபடி சாதாரணப் பிடிப்பு என்றால் ஆறு வாரம் நடந்து பாருங்கள். ஸ்கேன் எழுதாத டாக்டருக்கு ஃபீஸை முகம் சுளிக்காமல் கொடுங்கள்.